அரை கிலோமீட்டர்

அன்றைய முதல் குத்து டீசல் மாமாவின் இடது கன்னத்தில் விழுந்தது. பொய் எதற்கு, நன்றாகவே வலித்தது. கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது, வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. குத்தியவன் அவருடைய மனைவியின் தம்பி. ஷெட்டில் அவனுக்குப் பெயர் பேட்டரி. அவனுடைய வலது கையில் அப்படி என்னதான் இருந்ததோ, துருப்பிடித்த நட்டை ஸ்பேனர் இல்லாமல் வெறும் விரலாலேயே திருகி எடுத்துவிடுவான். அந்தக் கைதான் காலை ஏழரை மணிக்கு, ஷெட்டின் பம்புக்கு முன்னால், வேலைக்கு வந்த இருபது பேர் பார்க்க மாமாவின் கன்னத்தில் இறங்கியது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பித்தது மாமாதான். ஜாக்கியின் கைப்பிடிக் கம்பியால் அவன் முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் அவன் திரும்பினான்.

“வண்டி மூக்கை இறக்கத்துல வச்சு நிறுத்தியிருக்கான் பாருங்க! டேங்க் சாஞ்சிருக்கு, பம்பு சீக்கிரமே ‘டக்’குன்னு நின்னுடும். ரெண்டு லிட்டர் கொறைச்சு ஊத்த வச்சு, மைலேஜ் வருதுன்னு நோட்டுல ஏத்திப்பான்!” என்று மாமா ரத்தத்தோடு சேர்த்துக் கத்தினார்.

“தரையே அப்படித்தான் இருக்கு மாமா. நான் என்ன தரையத் தூக்கி நிமித்தி வைக்கவா?”

“வாய் பேசுறியாடா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டு ஓடி அவன் வயிற்றில் முட்டினார். இருவரும் டயர் அடுக்கின்மேல் விழுந்தார்கள். அடுக்கு சரிந்தது. ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு, எண்ணெய்த் தரையில் உருண்டார்கள். யாரும் விலக்கவில்லை. விலக்கப் போனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை முன்பே நிறைய உண்டு. கடைசியில் பம்புக்குப் பொறுப்பான அக்கா வண்டி கழுவும் குழாயை எடுத்து இருவர் முகத்திலும் பீய்ச்சி அடித்தாள். அவள் ஒருவருக்கு மனைவி, இன்னொருவனுக்கு அக்கா. நாய்ச் சண்டைக்கும் இவர்கள் சண்டைக்கும் ஒரே மருந்துதான் என்பாள்.

“போதும், எழுந்திருங்க. வீட்டுல இட்லி பானை மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் என் எதிர்லதான் உக்காரப் போறீங்க. நான்தான் பாக்கணும்.”

அவள் சொன்னது உண்மை. மூவரும் ஒரே வீடு. பேட்டரி மாடி அறையில் இருந்தான். அவன் இவரை மாமா என்று கூப்பிட்டதால் ஷெட்டே இவரை டீசல் மாமா என்றது; அவளை அக்கா என்று கூப்பிட்டதால் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவள் அக்கா. காலையில் ஒருவர் பல்லை ஒருவர் உடைத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டில் “உப்பை இந்தப் பக்கம் தள்ளு” என்பார்கள். முன்பெல்லாம் இப்படி இல்லை. அந்தப் போட்டி வந்த பிறகுதான் இந்த அடிதடி எல்லாம்.

போட்டி முதலாளியின் மூளையில் உதித்தது. அவரிடம் முப்பது வேன்கள். ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். எல்லாம் பழைய டீசல் வண்டிகள், எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய காலம். புதிதாக வாங்குவது டீசலா, ஹைபிரிட்டா? பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற வண்டியை ஹைபிரிட் என்கிறார்கள். முதலாளி ஒரே மாதிரி வேனில் இரண்டையும் ஒவ்வொன்று வாங்கினார். டீசலை மாமாவிடம் கொடுத்தார், ஹைபிரிட்டைப் பேட்டரியிடம் கொடுத்தார். ஒரு வருடம், எழுபதாயிரம் கிலோமீட்டர், பாதி ஊருக்குள், பாதி நெடுஞ்சாலையில். ஓட்டுகிறவனே வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை அக்கா டேங்கை நிரப்புவாள். பம்பு முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது. ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டில் எழுதுவாள்.

“எது ஜெயிக்குதோ அதுல முப்பது வண்டி,” என்றார் முதலாளி. “மெக்கானிக் ஒருத்தர் போதும். ஜெயிச்ச வண்டியோட ஆள் இருப்பாரு.”

அடுத்தவர் என்ன ஆவார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

மாமாவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்தாறு வருடம் இந்த ஷெட்டில் கழிந்தது. அவர் கைபட்ட வேன் ஒன்று ஏழு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்ஜினின் ஹெட்டை ஒருமுறைகூடத் திறக்காமல். இன்ஜின் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டே எந்த இன்ஜெக்டர் டீசலைச் சரியாகத் தெளிக்கவில்லை என்று சொல்வார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. இந்த வயதில் போய் இன்னொரு ஷெட் வாசலில் நிற்பதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம்தான் கம்பியாகவும் குத்தாகவும் வெளியே வந்தது. பயந்த மனிதனைப் போல அடிக்கிறவன் வேறு யாரும் இல்லை.

கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த தாளில் டீசல் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர், ஹைபிரிட் இருபத்திரண்டு என்று போட்டிருந்தது. அந்தத் தாளைப் பற்றிப் பேசினாலே எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் காற்றடிக்காத அறைக்குள், ஏசி போடாமல், பின் சீட்டில் ஒரு பூனையைக்கூட ஏற்றாமல் உருளையின்மேல் வண்டியை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவுமா? முதல் மூன்று மாத முடிவில் அக்காவின் நோட்டில் ஹைபிரிட் பதினாலே முக்கால், டீசல் பதினாலேகால். நெடுஞ்சாலையில் டீசல் முன்னால் ஓடியது. ஊருக்குள் வந்ததும் ஹைபிரிட் அதைத் தூக்கிச் சாப்பிட்டது. மொத்தத்தில் மாமா லிட்டருக்கு அரை கிலோமீட்டர் பின்னால்.

அந்த அரை கிலோமீட்டர் எங்கே போகிறது என்று மாமா வண்டியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். நான்காம் மாதம் பிடித்துவிட்டார்.

புது டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. கரியெல்லாம் அதில் சேரும். முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டி தானாகவே கூடுதல் டீசலை உள்ளே தெளித்து, வடிகட்டியைச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். அந்தக் கால் மணி நேரம் விசிறி இரைச்சல் போடும், நின்ற இடத்தில் இன்ஜின் வேகம் கூடும், மைலேஜ் காட்டுகிற முள் பாதியாக விழும். மாமா அதைப் பார்த்தார். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். மறுபடி கிளப்பினார். எரிப்பு நின்றுபோயிருந்தது. முள் பழைய இடத்துக்கு ஏறியது.

“அகப்பட்டுக்கிட்டியாடி திருடி,” என்றார் வண்டியிடம்.

அன்றிலிருந்து எரிப்பு ஆரம்பித்தால் போதும், சாவி திரும்பிவிடும். நெடுஞ்சாலையிலும் ஓரமாக நிறுத்தி அணைப்பார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று பின்னால் இருந்து நர்ஸுகள் திட்டுவார்கள், காதில் வாங்கமாட்டார். வண்டி விடாமல் அடுத்த அரை மணியில் மறுபடி எரிக்கப் பார்க்கும், இவர் மறுபடி அணைப்பார். வடிகட்டி அடைத்துக்கொள்ளுமே? அதற்கும் வழி வைத்திருந்தார். விடுமுறை நாளில் ஷெட்டில் யாரும் இல்லாதபோது அதைக் கழற்றி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கரியைக் கழுவி மாட்டிவிடுவார். முன்னால் எரிகிற எச்சரிக்கை விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். எட்டாம் மாதம் நோட்டில் டீசல் பதினான்கு புள்ளி தொண்ணூறு, ஹைபிரிட்டை முந்தியாயிற்று. மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஷெட்டில் நடந்தார்.

இன்னொரு பெருமையும் சேர்ந்துகொண்டது. தினமும் காலையில் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பது அவர் வழக்கம். பழைய இன்ஜின்கள் எல்லாம் ஆயில் குடிக்கும். மாதம் அரை லிட்டர் ஊற்றினால்தான் ஆயில் கோட்டிலேயே நிற்கும். இந்த இன்ஜினோ ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. குடிக்காதது மட்டுமா, மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

“பாருங்க முதலாளி, நாப்பதாயிரம் ஓடியாச்சு. ஒரு துளி குறையல. இது அஞ்சு லட்சம் போகும், எழுதி வச்சுக்கோங்க.”

குறையவில்லை என்று பார்த்தவர், ஏன் கூடுகிறது என்று பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாக ஆயில் குறைவதைத்தான் அந்தக் கண்கள் தேடிப் பழகியிருந்தன. எரிப்பு பாதியில் நிற்கும்போதெல்லாம் தெளித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, கீழே ஆயிலோடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆயில்தான் நிறைந்திருக்கிறதே என்று மாற்ற வேண்டிய தேதியையும் அவர் தள்ளிப்போட்டார். உடம்பெல்லாம் டீசல் வாடை அடிக்கிற மனிதருக்குக் கம்பி நுனியில் அடித்த டீசல் வாடை எப்படித் தெரியும்?

இதே நாட்களில் அவர் இன்னொன்றும் செய்தார், அல்லது செய்யாமல் விட்டார். ஹைபிரிட்டின் பின் சீட்டுக்குப் பக்கத்தில் வண்டியின் பேட்டரிக்குக் காற்றுப் போகிற சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. பயணிகளின் பைகள் எப்போதும் அதை அடைத்துக்கொண்டு கிடந்தன, உள்ளே தூசி பஞ்சாகச் சேர்ந்திருந்தது. இப்படியே போனால் வண்டியின் பேட்டரி வெந்து சீக்கிரம் சாகும் என்பது மாமாவுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. விசில் அடித்துக்கொண்டே போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து மச்சானே அதைக் கண்டுபிடித்துப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தபோது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் மாமா கை கழுவிவிட்டு வந்தபோது, அவருடைய வேனின் பானெட் திறந்திருந்தது. உள்ளே தலையை விட்டுக்கொண்டு பேட்டரி நின்றிருந்தான். அவன் கையில் ஆயில் கம்பி.

மாமாவுக்குக் கண் இருட்டியது. கடைசி மாதம். நோட்டில் அவர் முன்னால். எதிரியின் தலை அவருடைய இன்ஜினுக்குள். மேஜைமேல் இருந்த இருபத்துநாலு நம்பர் ஸ்பேனரை எடுத்தார்.

“மாமா, இதப் பாருங்க, கோட்டுக்கு மேல ரெண்டு விரல்...”

ஸ்பேனர் அவன் வாயில் விழுந்தது. முன்பற்கள் இரண்டு உடைந்து தரையில் தெறித்தன. அவன் கம்பியோடு பின்னால் சாய்ந்து பானெட்டில் தலையை இடித்துக்கொண்டான். மாமா மறுபடி ஓங்கினார், தோளில் விழுந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது அவனுடைய வலது கை ஸ்பேனரைப் பாதி வழியில் பிடித்தது. பிடுங்கி எறிந்தது. பிறகு அந்தக் கை மாமாவின் விலாவில் மூன்று முறை இறங்கியது. மூன்றாவதில் உள்ளே ஏதோ மளுக்கென்றது. மாமா மூச்சு வராமல் முழங்காலிட்டார். அப்படியும் விடவில்லை. அவன் கணுக்காலைப் பிடித்துக் கடித்தார். இவ்வளவு வயதான மனிதர் கடித்தார் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கடித்தார்.

அக்கா குழாயோடு ஓடிவருவதற்குள் தரையெல்லாம் ரத்தம்.

“ஆயில் ஏறுது மாமா,” என்றான் பேட்டரி, வாயைப் பொத்திக்கொண்டு. உடைந்த பல்லால் சொல் காற்றாக வந்தது. “ஏறவே கூடாது. டீசல் அதுல இறங்குது. இன்னைக்கே வடிச்சு மாத்துங்க. இல்லன்னா இன்ஜின் தன் ஆயிலயே குடிச்சிட்டு வெறி பிடிச்சு ஓடும். சாவிக்கு அடங்காது.”

“என் வண்டிக்கு நீ வைத்தியம் பாக்குறியா? கைய வெட்டிடுவேன்!”

“மாமா, சத்தியமா...”

“கைய வெட்டிடுவேன்டா!”

மாமா விலாவைப் பிடித்துக்கொண்டே முதலாளியிடம் போனார். என் வண்டியில் இவன் ஏதோ வேலை பண்ணுகிறான் என்றார். பேட்டரியின் வாயைப் பார்த்த முதலாளி யாரையும் எதுவும் கேட்கவில்லை. இனி ஒருவர் வண்டியை இன்னொருவர் தொட்டால் தொட்டவர் அன்றே வெளியே என்று சொல்லிவிட்டார். அக்கா மட்டும் ராத்திரி கேட்டாள், “அவன் சொன்னதுல ஏதாவது இருக்குமாங்க?” மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். விலா வலித்தது. ஒருவேளை இருக்குமோ என்ற எண்ணம் ஒரு நொடி வந்தது. இன்னும் இருபது நாள்தான், முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று அதை அமுக்கிவிட்டார்.

கடைசி நாளும் வந்தது. காலை பத்து மணி. இரண்டு வேன்களும் ஷெட்டுக்குள் பக்கம் பக்கமாக நின்றன. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டில் கடைசி வரி எழுதியாகிவிட்டது. டீசல் பதினான்கு தொண்ணூற்றிரண்டு, ஹைபிரிட் பதினான்கு எண்பது. மீதி இருந்தது புகைச் சோதனை மட்டும். ஆக்ஸிலேட்டரை மூன்று முறை தரையோடு மிதிக்க வேண்டும், புகையை மீட்டர் அளக்கும். அவ்வளவுதான். அது முடிந்தால் முப்பது வண்டி டீசல், மாமாவுக்கு ஷெட், பேட்டரிக்கு வாசல்.

மாமா ஏறி உட்கார்ந்தார். முதல் மிதி. இன்ஜின் உறுமி இறங்கியது. இரண்டாவது மிதி. உறுமி, கொஞ்சம் தயங்கி இறங்கியது. மூன்றாவது மிதிக்குக் காலை எடுத்த பிறகும் வேகம் இறங்கவில்லை.

இன்ஜின் வேகம் காட்டுகிற முள் நாலாயிரத்தைத் தாண்டியது. ஐயாயிரம். மாமா சாவியைத் திருப்பி அணைத்தார். உருவியே எடுத்துவிட்டார். சாவி அவர் கையில் இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முள் கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் இருந்து வெள்ளைப் புகை சுவர் மாதிரி எழும்பி, ஷெட்டை நிறைத்து, முதலாளியை நாற்காலியோடு விழுங்கியது. வண்டி நின்ற இடத்தில் கிடுகிடுவென்று துள்ளியது. சத்தம் காதுக்குள் ஆணி அடித்தது. தூணில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

“ஓடுங்க! வெடிக்கப் போகுது!” என்று யாரோ கத்தினார்கள். ஆட்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள்.

மாமா ஓடவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். பானெட்டைத் தூக்கி, கத்தியால் டீசல் குழாயை அறுத்தார். டீசல் முகத்தில் பீய்ச்சி அடித்தது, கண் எரிந்தது. டேங்கிலிருந்து இனி ஒரு சொட்டு வர வழியில்லை. இன்ஜின் அதைச் சட்டையே செய்யவில்லை. இன்னும் உரக்க அலறியது. அதற்கு டேங்க் தேவைப்படவில்லை, வயிற்றுக்குள்ளேயே இருந்தது. எட்டு மாதமாக அவரே ஊட்டி வைத்தது. அது அந்த நிமிடம் அவருக்குப் புரிந்தது. கையில் கத்தியோடு பேயறைந்தவர் மாதிரி நின்றார். கியரைப் போட்டு மூச்சுமுட்ட நிறுத்தலாம் என்றால் ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது.

அவரைத் தள்ளிக்கொண்டு ஒருவன் புகைக்குள்ளிருந்து வந்தான்.

“தொடாதே...” என்றார் மாமா. எதற்காகச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

பேட்டரி காற்றுக் குழாயைப் பிடித்து இழுத்தான். கிளிப் தெறித்தது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவின் வாய் திறந்துகொண்டு ‘ஊ’வென்று காற்றை உறிஞ்சியது. “காத்தை அடைக்கணும்! தட்டையா ஏதாவது குடுக்கா!” என்று திரும்பிக் கத்தினான். புகையில் இருமிக்கொண்டு நின்ற அக்காவின் கையில் இருந்தது நோட்டு ஒன்றுதான். நீட்டினாள். பிடுங்கி அந்த வாயில் வைத்தான். உறிஞ்சிய வேகத்தில் கெட்டி அட்டை உள்ளே குழிந்தது. வலது கையை விரித்து, அதன்மேல் வைத்து, முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினான்.

அலறல் திணறியது. ஒருமுறை விக்கியது. இன்னொருமுறை விக்கியது. முள் இறங்க ஆரம்பித்தது. அவன் மாமாவைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கப் போனான் என்றுதான் மாமாவுக்கு இன்றுவரை தோன்றுகிறது. முன்பல் இரண்டும் இல்லாத அந்த வாய் திறந்தது.

அப்போது டர்போவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த சின்னச் சக்கரம் உடைந்து, கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

சத்தம் நின்றுவிட்டது. இன்ஜின் செத்துவிட்டது. பேட்டரி மட்டும் நின்றுகொண்டு, தன் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தான். அதற்குக் கீழே கை தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் பானெட்டின் உட்புறத்தில் அடித்து, சூடான இரும்பில் விழுந்து சீறியது. அக்கா போட்ட சத்தத்தில்தான் அவனுக்கு வலி தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விழுந்தான். மாமா சட்டையைக் கிழித்து அவன் கையை முழங்கைக்குமேல் இறுகக் கட்டினார். இருபத்தாறு வருடம் ஸ்பேனர் பிடித்த விரல்களுக்கு அன்று ஒரு முடிச்சு விழ மூன்று தடவை ஆனது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண் விழித்தான். அறைக்கு வெளியே, பச்சைப் பெயின்ட் அடித்த நடையில் ஒரு பெஞ்ச். அதில் மாமாவும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மடியில் நோட்டு. அதன் அட்டையில் டர்போவின் வாய் வட்டமாகப் பதிந்திருந்தது.

முதலாளி வந்தார். கையில் பழப் பை, முகத்தில் இன்னும் கரி. மாமாவின் தோளில் கை வைத்தார்.

“உங்கமேல தப்பு இல்ல. இன்ஜின் அப்படி. கம்பெனிக்காரன் கழுத்த நான் பிடிக்கிறேன். டீசல் நமக்கு வேணாம், முப்பதும் ஹைபிரிட்டே எடுத்துடறேன்.” குரலைத் தாழ்த்தினார். “பையனால இனிமே ஸ்பேனர் பிடிக்க முடியாது. வண்டிகளப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். நீங்க அந்த வேலையக் கத்துக்கோங்க. திங்கக்கிழமை வந்துடுங்க.”

தோற்றும் ஷெட் கிடைத்துவிட்டது. இருபத்தாறு வருடத்துக்கு மேல் இன்னும் எத்தனை வருடமோ. மாமா செய்ய வேண்டியது ஒன்றுதான், தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஒரு கணம் அவர் சும்மாவும் இருந்தார். அதை மறைப்பதில் பயனில்லை.

அக்கா தன் உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள். தம்பியைத் தூக்கும்போது வண்டிக்கு அடியில் கொட்டிக் கிடந்த ஆயிலில் ஊன்றிய கை. கழுவாமலே வைத்திருந்தாள். பெட்ரோலா டீசலா என்று பம்புக் குழாயை முகர்ந்தே பிரித்துப் பழகியவள்.

“மோந்து பாரு,” என்றாள்.

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியதே இல்லை. அடித்துக்கொண்டு உருண்ட நாட்களில்கூட நீங்க, வாங்கதான். மாமா முகர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தொட்டபோதே அது தண்ணீர் மாதிரி நீர்த்திருந்தது. டீசல் கலக்காத ஆயில் அப்படி இருக்காது.

“அவன் சொன்னான். நீ பல்ல ஒடச்ச. இப்ப நீ போய்ச் சொல்லு.”

மாமா எழுந்து உள்ளே போனார். பேட்டரி தலையணையில் சாய்ந்திருந்தான். வலது கை துணிப்பந்தாக மார்பின்மேல் கிடந்தது. அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்.

“மேல்கோட்டுக்கு மேல எவ்வளவு இருந்துச்சு மாமா?”

“நாலு விரல்.”

“மாத்தவே இல்லையா?”

“இல்ல.” மாமா கட்டிலின் இரும்புக் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டார். “கரி எரியும்போதெல்லாம் வண்டிய அணைச்சேன்டா. அரை கிலோமீட்டருக்காக. அந்த டீசல்தான் உள்ள இறங்கிச்சு. வெளக்குமேல டேப்பு ஒட்டினேன். நீ சொன்னப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வந்தும் விட்டுட்டேன். உன் வண்டியில காத்து ஜன்னல் அடைச்சிருந்தப்பவும் பார்த்தேன், சொல்லல.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கதவருகே முதலாளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த பழப் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமாவின் திங்கட்கிழமை வேலையும் அவரோடு போய்விட்டது. மாமா அவர் போன பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“கிட்ட வாங்க,” என்றான் பேட்டரி.

மாமா போனார். அவனுக்கு எட்டும்படி குனிந்தார். இந்த ஒரு வருடத்தில் அவன் கை எழும்பும்போது அவர் குனிந்து கொடுத்தது இதுதான் முதல் தடவை. அவன் இடது கையை மடக்கி, இருந்த கோபம் முழுவதையும் சேர்த்து, அவருடைய வலது கன்னத்தில் குத்தினான்.

வலிக்கவே இல்லை. தூக்கத்தில் குழந்தையின் கை பட்டது மாதிரி இருந்தது. காத்திருந்த மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின.

“நல்லா அடிடா,” என்றார். “இன்னும் பலமா அடிடா.”

பேட்டரி அந்தக் கையைப் புரட்டிப் பார்த்தான்.

“இதுல இவ்வளவுதான் மாமா வருது,” என்றான்.